நாடு பிரிஞ்சுது, பேர் காணாம போச்சு

ஒரு கூட்டாட்சி நாடு உடையுதுன்னா நமக்கு டக்குன்னு என்ன ஞாபகம் வரும்? புதுக் கொடி, புது தேசிய கீதம், எல்லையில் துப்பாக்கிச் சத்தம், மேஜையில் உட்கார்ந்து கையெழுத்துப் போடும் தலைவர்கள். வரலாற்றுப் புத்தகங்களும் இதைத்தான் எழுதுகின்றன. ஆனால் சாதாரண மனுஷன் பிரிவினையைச் சந்திக்கிற இடம் பெரும்பாலும் போர்க்களம் இல்லைங்க. அது ஏதோ ஒரு அரசு அலுவலகத்தின் கவுண்டர். அங்கே உட்கார்ந்திருப்பவர் லெட்ஜரைப் புரட்டிப் பார்த்துட்டு, "உங்க பேர் இதுல இல்லையே" என்று சொல்லும் அந்த ஒரு நிமிஷம்.

இப்படி ஒரே நாளில் 25,671 பேர் பதிவேட்டிலிருந்து காணாமல் போன கதை ஒன்று இருக்கிறது. நடந்தது ஐரோப்பாவில், 1992ல். நாடு ஸ்லோவேனியா. பிரிஞ்சு போன நாடுகளிலேயே "சமத்துப் பிள்ளை" என்று பெயர் வாங்கிய நாடு. அதனால்தான் இந்தக் கதை முக்கியம்னு தோணுது.

முதல்ல கொஞ்சம் பின்னணி

யூகோஸ்லாவியா ஆறு குடியரசுகள் சேர்ந்த கூட்டாட்சி. ஸ்லோவேனியா, குரோஷியா, போஸ்னியா, செர்பியா, மாண்டினீக்ரோ, மாசிடோனியா. மொத்த ஜனத்தொகை சுமார் 2.3 கோடி. அதில் வடமேற்கு மூலையில், இத்தாலியையும் ஆஸ்திரியாவையும் ஒட்டி இருந்த ஸ்லோவேனியாவில் 20 லட்சம் பேர். சின்ன இடம்தான், ஆனால் ஆறில் பணக்கார இடம். தொழிற்சாலை, சுரங்கம், கட்டட வேலை எல்லாவற்றுக்கும் ஆள் தேவைப்பட்டது. போஸ்னியாவிலிருந்தும் செர்பியாவிலிருந்தும் குரோஷியாவிலிருந்தும் ஜனங்கள் வந்தார்கள். கல்யாணம் பண்ணினார்கள், பிள்ளைகள் பெற்றார்கள், அங்கேயே தங்கிவிட்டார்கள். 1990 வாக்கில் ஸ்லோவேனியாவில் வாழ்ந்தவர்களில் ஏறத்தாழ 2 லட்சம் பேர், அதாவது பத்தில் ஒருவர், இப்படி மற்ற குடியரசுகளைச் சேர்ந்தவர்கள்.

இங்கே ஒரு சின்ன சட்ட நுணுக்கம் உண்டு. யூகோஸ்லாவியாவில் குடியுரிமை இரண்டு அடுக்கு. மேலே யூகோஸ்லாவியக் குடியுரிமை, கீழே ஏதாவது ஒரு குடியரசின் குடியுரிமை. பாஸ்போர்ட், ஓட்டு, வேலை, பென்ஷன் எதற்கும் அந்தக் கீழ் அடுக்கை யாரும் கேட்டதில்லை. எங்கே நிரந்தரமாகக் குடியிருக்கிறாய் என்பதுதான் கணக்கு. தன்னுடைய பெயர் எந்தக் குடியரசின் ஏட்டில் இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது. ஸ்லோவேனியாவிலேயே பிறந்த குழந்தைகூட, அப்பா அம்மா போஸ்னியாவைச் சேர்ந்தவர்கள் என்பதால் போஸ்னியா ஏட்டில் இருந்திருக்கலாம்.

நமக்குப் புரியற மாதிரி சொல்லணும்னா, திருநெல்வேலிக்காரர் ஒருத்தர் முப்பது வருஷமா மும்பையில் இருக்கார்னு வைங்க. நம்ம நாட்டில் மாநிலக் குடியுரிமை என்று ஒன்று கிடையாது, அதனால் பிரச்சினை இல்லை. அங்கே அப்படி ஒன்று இருந்தது, தூங்கிக்கொண்டு இருந்தது. கூட்டாட்சி இருக்கிற வரைக்கும் அதனால் யாருக்கும் நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. மேல் அடுக்கு இடிந்து விழுந்தபோதுதான் கீழ் அடுக்கில் தான் எங்கே நிற்கிறோம் என்று குனிந்து பார்க்க வேண்டி வந்தது.

ஓட்டுப் போடும்போது வேண்டும்

1980ல் டிட்டோ இறந்தார். அதற்குப் பிறகு பத்து வருஷம் கடன், விலைவாசி, குடியரசுகளுக்குள் சண்டை. கடைசியில் 1990 டிசம்பர் 23ம் தேதி ஸ்லோவேனியாவில் பொதுவாக்கெடுப்பு. தனி நாடு வேண்டுமா வேண்டாமா? ஓட்டுப் போட்டவர்களில் சுமார் 95 சதவீதம் பேர் வேண்டும் என்றார்கள். ஓட்டுப் போடாதவர்களையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால்கூட 88 சதவீதத்துக்கு மேல்.

கவனிக்க வேண்டிய விஷயம், இந்த வாக்கெடுப்பில் மற்ற குடியரசுகளிலிருந்து வந்து நிரந்தரமாகக் குடியிருந்தவர்களும் ஓட்டுப் போடலாம். அதற்குச் சில நாட்கள் முன்னால், 1990 டிசம்பர் 6ம் தேதி, ஸ்லோவேனிய நாடாளுமன்றம் நல்லெண்ணப் பிரகடனம் ஒன்றை வெளியிட்டது. இங்கே நிரந்தரமாக வாழும் மற்ற இனத்தவர் எல்லாருக்கும், அவர்கள் விரும்பினால், குடியுரிமை உண்டு என்று அதில் வாக்குறுதி. வந்தவர்களில் எத்தனையோ பேர் அதை நம்பி "வேண்டும்" பெட்டியில் ஓட்டுப் போட்டிருப்பார்கள்.

1991 ஜூன் 25ல் சுதந்திரப் பிரகடனம். உடனே யூகோஸ்லாவிய ராணுவம் உள்ளே வந்தது. பத்தே நாள் சண்டை, ஜூலை 7ல் உடன்படிக்கை. பக்கத்தில் குரோஷியாவிலும் போஸ்னியாவிலும் அடுத்து நடந்த ரத்தக்களறியோடு பார்த்தால் ஸ்லோவேனியா கிட்டத்தட்ட அலுங்காமல் வெளியே வந்துவிட்டது என்றுதான் சொல்லணும்.

ஆறு மாசம் டைம்

புது நாட்டின் குடியுரிமைச் சட்டம் வந்தது. ஸ்லோவேனியக் குடியரசின் ஏட்டில் ஏற்கனவே இருந்தவர்கள் தானாகவே குடிமக்கள். மற்ற குடியரசு ஏட்டில் இருந்தவர்கள், வாக்கெடுப்பு நாளன்று அங்கே நிரந்தரக் குடியிருப்பாளராக இருந்திருந்தால், ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்கலாம். கடைசி நாள் 1991 டிசம்பர் 25.

நியாயமாகச் சொல்லணும்னா, இது அந்தக் காலத்து ஐரோப்பாவில் தாராளமான சட்டம். மொழித் தேர்வு இல்லை, இத்தனை வருஷம் இருந்திருக்கணும் என்ற கணக்கு இல்லை. சுமார் 1,71,000 பேர் விண்ணப்பித்துக் குடியுரிமை வாங்கினார்கள்.

மீதிப் பேர்? சிலருக்கு விஷயமே சரியாகப் புரியவில்லை. "நான் இங்கதானே பிறந்தேன், எனக்கெதுக்கு விண்ணப்பம்?" என்று இருந்தார்கள். குடியுரிமை இல்லாவிட்டால் போகிறது, நிரந்தரக் குடியிருப்பு இருக்கிறதே என்று நினைத்தவர்கள் உண்டு. பிறந்த ஊரிலிருந்து சான்றிதழ் வாங்க வேண்டியவர்களுக்கு ஊரே யுத்தத்தில். சிலர் அந்தச் சமயம் வெளிநாட்டில் இருந்தார்கள். சிலர் கொள்கை காரணமாகவே கேட்கவில்லை. விண்ணப்பித்து நிராகரிக்கப்பட்டவர்களும் உண்டு, குறிப்பாக யூகோஸ்லாவிய ராணுவத்தில் இருந்தவர்கள்.

அடுத்து வந்ததுதான் விவகாரம். அந்நியர் சட்டத்தின் 81வது பிரிவு. காலக்கெடு முடிந்து இரண்டு மாதம் ஆனதும், விண்ணப்பிக்காதவர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தும் என்றது. 1992 பிப்ரவரி 26. அன்றைக்கு அவர்களுடைய பெயர்கள் நிரந்தரக் குடியிருப்பாளர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டன. கடிதம் இல்லை. நோட்டீஸ் இல்லை. பேப்பரில் பட்டியல் இல்லை. ஸ்லோவேனிய மொழியில் இவர்களுக்குப் பின்னாளில் வந்த பெயர் "இஸ்ப்ரிசானி". அழிக்கப்பட்டவர்கள் என்று அர்த்தம். பென்சிலால் எழுதியதை ரப்பர் வைத்து அழிப்போமே, அந்த அழிப்பு.

தாங்கள் அழிக்கப்பட்டது அவர்களுக்கு எப்படித் தெரிய வந்தது? டிரைவிங் லைசென்ஸ் புதுப்பிக்கவோ வேறு ஏதாவது வேலையாகவோ அலுவலகத்துக்குப் போவார்கள். "அடையாள அட்டையைக் கொடுங்க" என்று வாங்கி, அவர்கள் கண் முன்னாலேயே அதில் ஓட்டை போட்டுத் திருப்பிக் கொடுப்பார்கள். சிலருக்குத் திருப்பிக்கூடக் கொடுக்கவில்லை. காலையில் வரிசையில் வந்து நிற்கும்போது உள்ளூர்க்காரன். கவுண்டரை விட்டுத் திரும்பும்போது சட்டவிரோதமாக நாட்டில் தங்கியிருக்கும் அந்நியன்.

அதிலிருந்து எல்லாம் சீட்டுக்கட்டு மாதிரி சரிந்தது. பேப்பர் இல்லாதவனுக்குச் சட்டப்படி வேலை கிடையாது. வேலை இல்லாவிட்டால் மருத்துவக் காப்பீடு கிடையாது. பென்ஷனுக்குச் சேர்த்த வருஷங்கள் அந்தரத்தில். 1991ல் வந்த வீட்டுச் சட்டப்படி, அரசுக் குடியிருப்புகளில் இருந்தவர்கள் அந்த வீட்டைச் சலுகை விலையில் வாங்கிக்கொள்ளலாம். அந்த வாய்ப்பும் இவர்களுக்குப் போச்சு. நாட்டை விட்டு ஒருமுறை வெளியே போனால் திரும்ப வர முடியாது. ரோட்டில் போலீஸ் நிறுத்தினால் எல்லைக்குக் கொண்டுபோய் விடலாம். அந்த எல்லைக்கு அப்பால் என்ன இருந்தது? 1992 ஏப்ரலில் போஸ்னியாவில் யுத்தம் ஆரம்பம். "உன் ஊருக்குப் போ" என்று சொல்லப்பட்ட ஊர் எரிந்துகொண்டு இருந்தது.

"அவங்க தப்புதானே?"

இந்த இடத்தில் ஒரு கேள்வி வரும். ஒன்றே முக்கால் லட்சம் பேர் ஒழுங்காக விண்ணப்பித்தார்களே, இவர்கள் ஏன் செய்யவில்லை? சோம்பேறித்தனத்துக்கு அரசாங்கமா பொறுப்பு? ஸ்லோவேனியாவில் பல வருஷம் இதுதான் வாதம். சுதந்திரத்துக்கு எதிரானவர்கள், எந்தப் பக்கம் ஜெயிக்கும்னு மதில்மேல் பூனையாக இருந்தவர்கள், ராணுவத்தின் ஆட்கள் என்றெல்லாம் பேசப்பட்டது.

பதில் அதே சட்டத்தின் அடுத்த பிரிவில் இருக்கிறது. 82வது பிரிவு. ஸ்லோவேனியாவில் ஏற்கனவே நிரந்தரக் குடியிருப்பு அனுமதி வைத்திருந்த உண்மையான வெளிநாட்டுக்காரர்கள், அதாவது இத்தாலிக்காரரோ ஜெர்மன்காரரோ, அவர்களுடைய அனுமதி அப்படியே தொடரும். விண்ணப்பம் வேண்டாம், ஒன்றும் வேண்டாம்!

யோசிச்சுப் பாருங்க. என்றைக்குமே அந்த நாட்டுக் குடிமகனாக இல்லாத ஒருவருக்குத் தானாகத் தொடரும் உரிமை, நேற்று வரை சக குடிமகனாக இருந்து அதே தொழிற்சாலையில் வேலை செய்தவருக்கு இல்லை. குடியுரிமை கேட்கவில்லை என்றால் குடியுரிமை தர வேண்டாம். அது வேறு. ஆனால் குடியிருக்கும் உரிமையையும் சேர்த்துப் பிடுங்கியது எதற்கு? இந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் யாரிடமும் இல்லை.

ஸ்லோவேனியாவின் அரசியல் சாசன நீதிமன்றமும் இதைத்தான் சொன்னது. 1999 பிப்ரவரியில் 81வது பிரிவு சாசனத்துக்கு விரோதம் என்று தீர்ப்பு. அரசாங்கம் ஒரு புதுச் சட்டம் போட்டது. ஆனால் அதிலும் மூன்று மாதம்தான் டைம், அதுவும் அன்று முதல் மட்டுமே அனுமதி. நடுவில் போன வருஷங்களுக்கு ஒன்றும் இல்லை. 2003ல் நீதிமன்றம் மறுபடியும் தலையில் குட்டியது: 1992 பிப்ரவரி 26லிருந்தே அனுமதி தரணும்.

ஒரு யூனியனை விட்டு, இன்னொரு யூனியனுக்குள்

இப்போது தேதிகளைக் கவனியுங்க. நீதிமன்றம் சொன்னதை நிறைவேற்ற ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். எதிர்த்தவர்கள் அதைப் பொதுவாக்கெடுப்புக்கு இழுத்தார்கள். 2004 ஏப்ரல் 4. ஓட்டுப் போட வந்தவர்கள் சுமார் 31 சதவீதம்தான். அதில் கிட்டத்தட்ட 95 சதவீதம் பேர் "கூடாது" என்றார்கள். 1990ல் தனி நாடு வேண்டும் என்று சொன்னதும் 95 சதவீதம்தான். இந்த முறை அழிக்கப்பட்டவர்களுக்கு ஓட்டே கிடையாது.

இது நடந்து நான்கு வாரம்கூட ஆகவில்லை, 2004 மே 1ம் தேதி ஸ்லோவேனியா ஐரோப்பிய யூனியனில் சேர்ந்தது.

சேர்ந்ததால் சாதாரண ஜனங்களுக்கு நல்லது நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. கொரிட்சியா என்ற ஊரை எடுத்துக்கலாம். 1947ல் எல்லை போட்டபோது பழைய ஊர் இத்தாலிக்குப் போய்விட்டது, ரயில் நிலையம் யூகோஸ்லாவியா பக்கம். பக்கத்திலேயே நோவா கொரிட்சா என்று புது ஊர் கட்டினார்கள். ஸ்டேஷன் முன்னாடி இருக்கிற சதுக்கத்துக்கு நடுவில் வேலி. 2004ல் அந்த வேலியை எடுத்தார்கள். 2007ல் யூரோ நாணயம், அதே ஆண்டு டிசம்பரில் பாஸ்போர்ட் சோதனையும் போச்சு. 2025ல் இரண்டு ஊரும் சேர்ந்து ஐரோப்பாவின் கலாசாரத் தலைநகராகவே இருந்தன.

அதே சமயம் மறுபக்கம் குரோஷிய எல்லை. யூகோஸ்லாவியா காலத்தில் அப்படி ஒரு எல்லை இருப்பதே ரோட்டில் போகிறவனுக்குத் தெரியாது. 1991ல் அது சர்வதேச எல்லை ஆனது, பிறகு ஐரோப்பிய யூனியனின் வெளி எல்லை ஆனது. 2013ல் குரோஷியா யூனியனில் சேர்ந்து, 2023 ஜனவரியில்தான் சோதனை நீங்கியது. அதே 2023 அக்டோபரில் ஸ்லோவேனியா மறுபடி சோதனை ஆரம்பித்தது. சேர்வதும் பிரிவதும் ஒரே கதவின் இரண்டு பக்கம் மாதிரி. ஒருபக்கம் திறந்தால் இன்னொரு பக்கம் யாராவது இடிபடுகிறார்கள்.

அழிக்கப்பட்டவர்களுக்கு? ஐரோப்பிய யூனியன் குடியுரிமை என்பது உறுப்பு நாட்டின் குடியுரிமை வழியாக மட்டுமே வரும். பக்கத்து வீட்டுக்காரர் பாரீஸ் வரைக்கும் போகலாம் என்று ஆனபோது, இவர் தெருமுனையைத் தாண்டவே பயந்துகொண்டு இருந்தார். புது யூனியன் இருவருக்கும் நடுவில் இருந்த பள்ளத்தை இன்னும் ஆழமாக்கியது.

கணக்குத் தீர்ந்ததா?

2009ல்தான் அரசாங்கம் முழுசாகக் கணக்கெடுத்தது. 25,671 பேர் என்ற எண் அப்போது வந்ததுதான். அதில் 13,426 பேருக்கு அன்றைக்கும், அதாவது 17 வருஷம் கழித்தும், ஸ்லோவேனியாவில் எந்த முறையான அந்தஸ்தும் இல்லை. 2010ல் சட்டத்தைத் திருத்தினார்கள். 2012 ஜூன் 26ல் ஸ்ட்ராஸ்பூர்க்கில் உள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் ஸ்லோவேனியா செய்தது உரிமை மீறல் என்று இறுதியாகத் தீர்ப்பளித்தது. வழக்கில் ஜெயித்த ஆறு பேருக்கும் மன உளைச்சலுக்காகத் தலா 20,000 யூரோ. மற்றவர்களுக்கு ஒரு திட்டம் போடச் சொன்னது.

திட்டம் வந்தது. 2013ல் சட்டம், 2014ல் அமல். அழிக்கப்பட்டிருந்த ஒவ்வொரு மாதத்துக்கும் 50 யூரோ. பத்து வருஷம் பேப்பர் இல்லாமல் இருந்தவருக்கு 6,000 யூரோ. வேலை, வீடு, எல்லைக்கு அப்பால் போய்விட்ட கணவன் அல்லது அம்மா, எல்லாவற்றுக்கும் சேர்த்து. 2022 பிப்ரவரியில், சரியாக முப்பது வருஷம் கழித்து, அன்றைய ஜனாதிபதி போருட் பாஹோர் நாட்டின் சார்பில் மன்னிப்புக் கேட்டார்.

இன்னொரு வழக்கையும் சொல்லிடறேன், இது பணம் பற்றியது. ஜெர்மனியில் வேலை பார்த்த யூகோஸ்லாவியர்கள் சம்பாதித்த மார்க்கை ஊர் வங்கியில் போட்டு வைத்திருந்தார்கள். லியுப்லியானாவைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு பெரிய வங்கிக்கு சாரயேவோவிலும் ஜாக்ரெப்பிலும் கிளைகள். நாடு உடைந்ததும், போஸ்னியாக்காரரின் டெபாசிட்டுக்கு யார் பொறுப்பு? நீயா நானா என்று புது நாடுகள் இருபது வருஷத்துக்கு மேல் பந்து விளையாடின. 2014 ஜூலையில்தான் அதே ஸ்ட்ராஸ்பூர்க் நீதிமன்றம், அந்தக் கிளைகளில் போட்ட பணத்துக்கு ஸ்லோவேனியா பொறுப்பு என்றது. காத்திருந்தவர்களில் எத்தனை பேர் அதுவரைக்கும் உயிரோடு இருந்திருப்பார்கள்?

ஸ்லோவேனியா மட்டும்தானா?

இல்லை. 1993 ஜனவரி 1ல் செக்கோஸ்லோவாக்கியா ஒரு சொட்டு ரத்தம் சிந்தாமல் இரண்டானது. பிரியலாமா என்று ஜனங்களிடம் வாக்கெடுப்புகூட நடத்தவில்லை. பொது நாணயம் கொஞ்ச காலம் தொடரும் என்றார்கள். பிப்ரவரி 8ம் தேதியே அதுவும் பிரிந்து, பழைய நோட்டில் ஸ்டாம்ப் ஒட்டிச் செலவு பண்ணினார்கள். செக் பகுதியில் வாழ்ந்து, ஏட்டில் "ஸ்லோவாக்" என்று இருந்தவர்கள் செக் குடியுரிமை வாங்க ஐந்து வருஷம் எந்தக் குற்றத் தண்டனையும் இல்லாமல் இருக்கணும், இரண்டு வருஷம் நிரந்தரக் குடியிருப்பு வேணும். அடிபட்டவர்கள் பெரும்பாலும் ரோமா இன ஏழைகள்.

பிரிட்டன் 2020 ஜனவரி 31ல் ஐரோப்பிய யூனியனை விட்டது. அங்கே ஏற்கனவே வாழ்ந்துகொண்டிருந்த யூனியன் குடிமக்கள் 2021 ஜூன் 30க்குள் விண்ணப்பிக்கணும் என்றார்கள். ஐந்து வருஷம் ஆகாதவர்களுக்குத் தற்காலிக அந்தஸ்து, பிறகு இன்னொரு விண்ணப்பம். இரண்டாவதைப் போட மறந்தால் உரிமை போயிடும் என்று விதி. 2022 டிசம்பரில் லண்டன் உயர் நீதிமன்றம், அப்படி மறந்ததற்காக மட்டும் உரிமையைப் பறிப்பது சட்டப்படி செல்லாது என்று சொல்லிவிட்டது. ஸ்லோவேனியா பாடத்தை யாரோ ஒருத்தர் படிச்சிருக்காங்கன்னு நினைக்கத் தோணுது.

இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எனக்குப் புரிவது ஒன்றுதான். சேரலாமா பிரியலாமா என்ற விவாதத்தில் நாம் பேசுவது வரி, வர்த்தகம், மானம், மொழி. தப்பில்லை, பேச வேண்டியதுதான். ஆனால் குடிமகனின் தலையெழுத்தை முடிவு செய்வது சட்டத்தின் உள்ளே எங்கோ ஒளிந்திருக்கும் ஒரு வரி: எதுவும் செய்யாமல் சும்மா இருப்பவனுக்கு என்ன ஆகும்?

"கேட்டால் தருவோம்" என்பதும் "கேட்காவிட்டாலும் உண்டு" என்பதும் காகிதத்தில் பார்க்க ஒன்று போலத்தான் இருக்கும். படித்தவன், பேப்பர் வாசிப்பவன், தெரிந்தவர் உள்ளவன் இரண்டிலும் தப்பித்துக்கொள்வான். முதல் வகையில் மாட்டுவது கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள், ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவர்கள், யுத்த பூமியில் பிறந்தவர்கள், "நம்ம ஊர்தானே" என்று நம்பிக்கையோடு இருந்தவர்கள். கடைசி வகைதான் எனக்கு ரொம்ப உறுத்துகிறது. அந்த ஊரைத் தன் ஊர் என்று முழுசாக நம்பியதால்தான் அவர்கள் விண்ணப்பமே போடவில்லை. அதற்குத்தான் தண்டனை.